பதிவர் தளங்களில் எழுதுகிறவர்கள் ஏன் குறைந்துபோகிறார்கள்?

கூட்டாஞ்சோறு எழுதியது:

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தமிழ்ப் பதிவர் தளம் நடத்துகிறோம். கதை, கட்டுரை, சமையல், பயணம் என்று யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம். கணக்குத் தொடங்குகிறவர்கள் குறையவில்லை. எழுதுகிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். முன்பெல்லாம் ஒரு பதிவு வந்தால் அன்று இரவுக்குள் அதன் கீழே பெரிய பேச்சே நடந்திருக்கும். இப்போது உழைத்து எழுதிய பதிவுகூட ஒரு பின்னூட்டம் இல்லாமல் முகப்பிலிருந்து இறங்கிவிடுகிறது. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒருவர் வடிவமைப்பு பழசாகிவிட்டது, செயலி கொண்டுவர வேண்டும் என்கிறார். இன்னொருவர் பேஸ்புக்கும் யூடியூபும் இருக்கும்வரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். எனக்கு இரண்டும் முழுப் பதிலாகப் படவில்லை. தமிழ்மணம், தேன்கூடு போன்ற திரட்டிகள் (பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தளங்கள்) இருந்த காலத்தில் எழுதியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவ்வளவு கலகலப்பாக இருந்த பதிவுலகம் எப்படிக் கலைந்தது என்று நேரில் பார்த்திருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கரிசல்காடு எழுதியது:

பேஸ்புக்தான். ஒரு பதிவு எழுதித் திருத்திப் படம் சேர்த்து வெளியிட ஒரு சாயங்காலம் போய்விடும். அங்கே நான்கு வரி போட்டால் அரை மணி நேரத்தில் ஐம்பது லைக். ஆள் எங்கே போவார்? இதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

//பேஸ்புக்தான்//

கரிசல்காடு அண்ணே, காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. பேஸ்புக் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது 2006 செப்டம்பரில். தமிழ்ப் பதிவுலகம் நன்றாகப் பெருகியதே அதற்கு அப்புறம்தான். ஈரோட்டில் பதிவர் சங்கமம் நடந்தது 2009-இல். சென்னையில் 2012, 2013, மதுரையில் 2014, புதுக்கோட்டையில் 2015 என்று பெரிய சந்திப்புகள் நடந்தன. அந்த மண்டபங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்போதே பேஸ்புக் கணக்கு இருந்தது. இரண்டிலும் இருந்தார்கள். பிறகு ஒன்றில் மட்டும் தங்கிவிட்டார்கள். அது ஏன் என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் நீளம்.

2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த வலைப்பூக்களையெல்லாம் ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டிய தளம். புதிய இடுகைகள் நேர வரிசையில் வரும். அதோடு, கடைசியாக மறுமொழி வந்த இடுகைகளுக்கும் தனி இடம் இருந்தது. இந்த இரண்டாவது பட்டியல்தான் அன்றைய பதிவுலகத்தை ஓட்டிக்கொண்டிருந்தது என்பேன். யாரோ ஒரு புதியவர் திருநெல்வேலியிலோ துபாயிலோ உட்கார்ந்து முதல் பதிவு போடுவார். நீங்கள் போய் இரண்டு வரி எழுதினால் அந்தப் பதிவு மறுபடியும் முகப்புக்கு வரும். இன்னும் பத்துப் பேர் பார்ப்பார்கள். உங்கள் பின்னூட்டம் அவருக்குப் பாராட்டாகவும் இருந்தது, அவரை ஊருக்கு அறிமுகம் செய்து வைப்பதாகவும் இருந்தது. அதில் குறும்பும் நடந்தது, உண்மைதான். தன் பதிவுக்குத் தானே பெயர் மாற்றிப் பின்னூட்டம் போட்டு மேலே ஏற்றினார்கள். நூறு பின்னூட்டம் சேரும்வரை வெட்டிப் பேச்சு பேசிக் கும்மி அடித்தார்கள். இருந்தாலும் புதியவர் கண்ணில் படாமல் போவது அரிதாக இருந்தது.

அப்புறம் வாக்குகள் வந்தன. சூடான இடுகைகள் வந்தன. தரவரிசை வந்தது. ஒரே ஒரு திரட்டியைச் சொல்லவில்லை, அடுத்தடுத்து வந்த எல்லாத் திரட்டிகளிலும் இந்தப் போக்கு இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். தினமும் நூற்றுக்கணக்கில் பதிவுகள் வரும்போது வாசகருக்கு எதைப் படிப்பது என்று வழிகாட்ட வேண்டாமா? ஆனால் பதிவர்கள் இதை மொய் எழுதுவதாக மாற்றிக்கொண்டார்கள். நீ என் பதிவுக்கு வாக்குப் போட்டாய், நான் உன் பதிவுக்குப் போட வேண்டும். தினமும் முப்பது நாற்பது வீட்டுக்குத் திருப்ப வேண்டிய மொய். படிக்க நேரம் ஏது? "அருமையான பகிர்வு நண்பரே, த.ம. 4" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். த.ம. 4 என்றால் தமிழ்மணத்தில் நான்காவது வாக்கு என்னுடையது என்று பொருள். பழையவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

தன் அம்மா இறந்ததைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பார். அதன் கீழே "சூப்பர், த.ம. 6" என்று இருக்கும். எழுதியவருக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும், யாரும் படிக்கவில்லை என்று. ஆள் விலகத் தொடங்குவது அந்த இடத்தில்தான். அவர் பேஸ்புக்கில் தங்கியது அதற்குப் பிறகு நடந்தது.

தேன்மொழி_சிங்கை எழுதியது:

வைகைக்கரை அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பெண்கள் விலகிய கதை வேறு. அதையும் இங்கே வைத்துவிட வேண்டும்.

அனானி பின்னூட்டம், அதாவது பெயர் சொல்லாமல் எழுதும் வழி, திறந்திருந்த காலத்தில் ஒரு பெண் அரசியலோ மதமோ எழுதினால் கீழே என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி மற்றவர்கள் பதிவில் அசிங்கமாக எழுதுவார்கள். ஆகவே மட்டுறுத்தல் வைத்தோம், நாங்கள் பார்த்து அனுமதித்த பிறகே பின்னூட்டம் வெளியாகும். வைத்ததும் பேச்சு நின்றுபோனது. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பின்னூட்டங்களை வெளியிடுவதற்குள் அமெரிக்காவில் இருப்பவர் தூங்கப் போயிருப்பார், ஊரில் இருப்பவர் வேறு பதிவுக்குப் போயிருப்பார். ஒருவர் கேட்டு இன்னொருவர் பதில் சொல்லி மூன்றாமவர் மறுக்கிற அந்த ஓட்டம் மட்டுறுத்தலுக்கு அப்புறம் திரும்பவே இல்லை. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது. கொடுக்காமல் இருந்திருக்கவும் முடியாது.

சமையல், பிள்ளை வளர்ப்பு, வெளிநாட்டில் புதுக்குடித்தனம் என்று எழுதினால் மொக்கை என்று ஒரு முத்திரை. அதே ஆட்கள் சினிமா கிசுகிசு எழுதினால் அது சூடான இடுகை.

இன்னொன்றும் கவனித்தேன். சண்டை போட்டுவிட்டு "பதிவுலகை விட்டு விலகுகிறேன்" என்று பதிவு போட்டவர்களைப் போகாதீர்கள் என்று நூறு பேர் தடுத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் அடுத்த வாரமே திரும்பி வந்தார்கள். சத்தம் போடாமல் எழுதுவதை நிறுத்திய பெண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அவர்கள் மூடிய பேஸ்புக் குழுக்களிலும் பிறகு வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்றும் நன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே தெரியாது, அவ்வளவுதான். கூட்டாஞ்சோறு, உங்கள் தளத்தில் விலகியவர்கள் பட்டியலை எடுத்தால் அதில் பெண்கள் எத்தனை பேர், எந்தச் சண்டைக்குப் பிறகு நின்றார்கள் என்று பாருங்கள்.

பனையோலை எழுதியது:

ஈழத்துப் பதிவர்கள் பற்றி ஒரு சொல். 2008, 2009-இல் நாங்கள் எழுதிக்கொண்டிருந்த சூழல் தனியானது. வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் இருந்தவர்கள் புனைபெயரில் பயந்து பயந்து எழுதினார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தவர்கள் வேறு விதமாக எழுதினார்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இணையத்தில் முகம் முறிந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு நான் மதித்த பலர் எழுதுவதை விட்டார்கள். திரட்டியில் வாக்குப் போட்டார்களா, மறுமொழி வந்ததா என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எழுத ஒன்றுமில்லாமல் போனது, அல்லது எழுத முடியாமல் போனது.

ஆகவே எல்லா விலகலுக்கும் தளத்தைக் காரணம் காட்டாதீர்கள். எந்த வடிவமைப்பும் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்காது.

கணிநெறி எழுதியது:

நான் குழாய் வேலைக்காரன் பார்வையில் சொல்கிறேன். வாசகர் பதிவுக்குத் திரும்பி வரும் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இதைப் பதிவர்கள் அப்போது முழுசாக உணரவில்லை.

முதல் அடி 2012 தொடக்கத்தில். கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்கர் நாட்டுக்கு நாடு முகவரியை மாற்றியது. இந்தியாவில் திறந்தால் பிளாக்ஸ்பாட் டாட் காம் என்பது டாட் இன் ஆகிவிடும். திரட்டிகளைப் பொறுத்தவரை அது வேறு முகவரி. வாக்குப் பட்டை குழம்பியது, பதிவை இணைப்பதில் சிக்கல் வந்தது. முகவரிக் கடைசியில் என்சிஆர் சேர்க்கச் சொல்லியும் டெம்ப்ளேட்டில் ஒரு நிரல் துண்டை ஒட்டச் சொல்லியும் தொழில்நுட்பப் பதிவர்கள் பாடம் எடுத்தார்கள். தெரிந்தவர்கள் சரிசெய்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வீட்டிலிருந்து எழுதும் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? அப்படியே விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, பிடித்த வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர். 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடினார்கள். திரட்டிக்கே வராமல் ரீடரில் படித்துக்கொண்டிருந்த அமைதியான வாசகர்கள் ஏராளம். பின்னூட்டம் போட மாட்டார்கள், ஆனால் ஒரு பதிவு தவறாமல் படிப்பார்கள். சிரமம் எடுத்து வேறு ரீடருக்கு மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் அந்தப் பழக்கத்தையே விட்டார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. கைபேசி. ஆண்ட்ராய்டில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கே 2011, 2012 ஆகிவிட்டது. தெரியத் தொடங்கியபோது பிளாக்கர் தானாகவே கைபேசி வடிவத்தைக் காட்டியது. அதில் பக்கப்பட்டை கிடையாது. பக்கப்பட்டையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். "நான் விரும்பிப் படிக்கும் வலைப்பூக்கள்" பட்டியல், பின்தொடர்கிறவர்களின் முகங்கள், திரட்டிகளின் பட்டைகள், பழைய பதிவுகளின் தொகுப்பு. ஒரு வலைப்பூவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு நமக்கு இருந்த பாலங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தமிழ்நாடே கைபேசியில் படிக்கத் தொடங்கியபோது, நம் வலைப்பூக்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக நின்றன.

இதோடு ஒரு கொடுமையும் உண்டு. 2013-இல் பிளாக்கர், கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸின் பின்னூட்டப் பெட்டியைக் கொடுத்தது. நம்பி மாறியவர்கள் உண்டு. 2019-இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அந்தப் பின்னூட்டங்கள் எல்லாம் அழிந்தன. பதிவு இருக்கிறது, அதன் கீழே ஆறு வருடம் பேசிய பேச்சு இல்லை.

கரிசல்காடு எழுதியது:

கணிநெறி சொல்வதைப் படித்தபிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பாதை அடைபட்டால் வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டாவது வர மாட்டார்களா? 2005-இல் தமிழில் எழுதுவது இதைவிடக் கஷ்டம். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழே கட்டங்கட்டமாகத் தெரியும். தமிழில் தட்டச்ச இ-கலப்பை மென்பொருளை இறக்கி நிறுவ வேண்டும். டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது. அத்தனையும் தாண்டி எழுதினார்கள். இப்போது விசைப்பலகை கைபேசியோடு வருகிறது, எழுத ஆளில்லை. தொழில்நுட்பத் தடை மட்டும் காரணமாக இருந்தால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

என் கருத்தைக் கொஞ்சம் விரிவாக்கிக்கொள்கிறேன். அன்று எழுதியவர்களில் பாதிப்பேர் ஐடி துறையில் இருபதுகளில் இருந்தவர்கள். கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன், பொறுப்பான பதவி என்று வாழ்க்கை நகர்ந்தது. இன்னும் சிலர் பத்திரிகைகளுக்குப் போனார்கள், சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார்கள், அவர்கள் புத்தகங்கள் சென்னைப் புத்தகக் காட்சியில் விற்றன. இதை இழப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. பதிவுலகம் எழுத்தாளர்களைத் தயார்செய்து அனுப்பியது.

வைகைக்கரை எழுதியது:

//வாழ்க்கை நகர்ந்தது//

முழுக்கச் சரி அண்ணே. பனையோலை சொன்னதும் சரி. மனிதர்கள் போவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு முடித்துப் பிள்ளைகள் போவதைப் பார்த்து யாரும் பள்ளிக்கூடம் அழிகிறது என்று சொல்வதில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் மறுநாள் வராமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். கூட்டாஞ்சோறு கேட்ட கேள்விக்குப் பழையவர்கள் ஏன் போனார்கள் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். புதியவர்கள் ஏன் நிற்கவில்லை?

இது தமிழுக்கு மட்டும் நடந்ததில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கத் தொடங்கியது. எல்லோரும் இரண்டு காரணம் சொன்னார்கள்: எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்தாயிற்று, இப்போது வருகிறவர்களுக்குத் தரம் போதாது. ஆரன் ஹாஃபேக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் தரம் போதாது என்ற வாதம் எடுபடவில்லை. நல்ல எண்ணத்தோடு வருகிற புதியவர்களின் விகிதம் பெரிதாகக் குறையவே இல்லை என்று தெரிந்தது. மாறியது வரவேற்பு. விஷமத் தொகுப்புகளைத் தடுக்கக் கொண்டுவந்த அரைத்தானியங்கிக் கருவிகள் நல்லவர்களின் முதல் தொகுப்பையும் சேர்த்து நீக்கின. ஒரு மனிதர் எழுதிய பதிலுக்குப் பதிலாக அச்சடித்த எச்சரிக்கை வந்தது. வந்தவர் போய்விட்டார். அதை உணர்ந்துதான் 2012-இல் டீஹவுஸ் என்று ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். புதியவர் என்ன கேட்டாலும் அங்கே பழையவர்கள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அங்கே அழைக்கப்பட்டவர்கள் அதிக நாள் நின்றார்கள் என்று பிறகு பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

லைவ்ஜர்னல் என்ற ஆங்கிலப் பதிவர் தளத்தின் கதை இன்னொரு மாதிரி. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1999-இல் தொடங்கியது. 2007 மே மாதம் நிர்வாகம் முன்னறிவிப்பில்லாமல் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியது. தப்பானவற்றோடு புத்தகம் பற்றிப் பேசிய குழுக்களும், ரசிகர் கதைகள் (பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே புனைபவை) எழுதியவர்களும் மாட்டினார்கள். நம்பிக்கை போயிற்று. அந்த ரசிகர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். தங்களுக்கென்றே ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தைக் கட்டினார்கள். 2009-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. இன்றும் நிரம்பி வழிகிறது. நாம் அப்படிப் போகவில்லை. ஒவ்வொருவராகக் கழன்று, ஒவ்வொருவரும் தன் சொந்தக்காரர்களும் பழைய வகுப்புத் தோழர்களும் இருக்கிற பேஸ்புக்குக்குப் போனோம். வேறு இடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் இன்று இந்த இழையே தேவைப்பட்டிருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மின்மினி எழுதியது:

நான் பதிவுலகக் காலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே பேசுகிறவர்களில் நான்தான் சின்னவள் என்று நினைக்கிறேன், சொல்லலாமா?

கல்லூரி முடித்ததும் ஒரு பழைய தமிழ்த் தளத்தில் சேர்ந்து சிறுகதை போட்டேன். எவ்வளவோ நாள் திருத்தி எழுதியது. பதிலே வரவில்லை. யாரும் திட்டியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். அதே வாரம் அங்கே ஒரு மூத்த உறுப்பினர் "காலை வணக்கம்" என்று ஒரு பூ படம் போட்டார். அதன் கீழே பெரிய பேச்சு. எல்லோரும் ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குப் புரியாத பழைய சம்பவங்களைச் சொல்லிச் சிரித்தார்கள். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் அது அவர்கள் வீட்டு விசேஷம், நான் தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன் என்ற உணர்வு இருந்தது.

அப்புறம் பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் ஒரு தொடர்கதை தொடங்கினேன். என் முதல் கதையைவிட அது சுமாரான எழுத்து, எனக்கே தெரியும். ஆனால் மூன்றாவது பாகத்தில் ஒருவர் "அந்த மாமியார் ஏன் சாவியை ஒளித்து வைத்தாங்க? அடுத்த பாகம் எப்போ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக மறுநாள் அடுத்த பாகம் எழுதினேன். படித்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று தெரிகிறதல்லவா, அது போதும்.

கூட்டாஞ்சோறு எழுதியது:

மின்மினி, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

நேற்று இரவு தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். முதல் பதிவுக்கு எதுவுமே வராதவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது பதிவு போடவே இல்லை. முதல் பதிவுக்கு ஓரிரண்டு பின்னூட்டம் கிடைத்தவர்கள் நிறையப் பேர் தொடர்ந்திருக்கிறார்கள். தேன்மொழி அக்கா கேட்டதையும் பார்த்தேன். ஒரே ஒரு சாதி விவாதத்துக்குப் பிறகு மூன்று பெண்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் அந்த விவாதத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்கள். வெறுமனே படித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கணிநெறி எழுதியது:

முதல் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நல்ல எழுத்துக்குப் பின்னூட்டம் வரும், நல்ல எழுத்தாளர் எப்படியும் தொடர்வார். இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் பின்னூட்டம்தான் அவரை நிறுத்தி வைத்தது என்று சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்க்க வழி உண்டு. அடுத்த இரண்டு மாதம் முதல் பதிவு போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு மட்டும், எழுத்து எப்படி இருந்தாலும், ஒருவர் கட்டாயம் படித்துப் பதில் எழுதட்டும். எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் முறையில் எடுங்கள். மற்றவர்களை வழக்கம்போல விடுங்கள். யார் திரும்ப வருகிறார்கள் என்று பிறகு எண்ணலாம்.

கரிசல்காடு எழுதியது:

அந்த இன்னொரு பாதியில் மின்மினி மாதிரி ஒரு பிள்ளை இருந்தால்? சோதனைக்காக அவரைப் பதில் இல்லாமல் விடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். எல்லோருக்கும் பதில் எழுதுங்கள். கணக்கைப் போன வருடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கணிநெறி எழுதியது:

சரி ஐயா. ஒப்பீடு அவ்வளவு சுத்தமாக இருக்காது, ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தேன்மொழி_சிங்கை எழுதியது:

பழைய காலத்தில் இதைச் சரியாகச் செய்த இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் பதிவுலகம் முழுவதும் மொய்தான் என்று மின்மினி நினைத்துவிடுவாள்.

வலைச்சரம் என்று ஒன்று இருந்தது. வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பை ஏற்பார். மற்றவர்களின் வலைப்பூக்களை அறிமுகப்படுத்தி ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். எழுத வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும், அதிலும் இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவைத் தோண்டி எடுத்துப் படிக்க வேண்டும். அறிமுகம் செய்ததும் அந்தந்தப் பதிவர் வீட்டுக்குப் போய் "உங்கள் பதிவை இன்று வலைச்சரத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். எழுதி மறந்துபோன ஒரு பதிவை முகம் தெரியாத ஒருவர் படித்திருக்கிறார் என்று தெரியவரும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே! அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுத வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழில் புகைப்படக்கலை என்ற குழு வலைப்பூவும் அப்படித்தான். 2007-இல் தொடங்கியது. மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள், படம் எடுத்து அனுப்ப வேண்டும். நடுவர் படத்தைப் பார்த்து வெளிச்சம் எப்படி, சட்டகத்துக்குள் எது தேவையில்லை என்று சொல்வார். சாதாரண கேமரா வைத்திருந்தவர்கள் அங்கே கற்றுக்கொண்டு நல்ல புகைப்படக்காரர்கள் ஆனார்கள். தேன்கூடு தளம் 2006-இல் மரணம், உறவுகள் போன்ற தலைப்புகளில் மாதப் போட்டி வைத்தபோது, கதையே எழுதாதவர்கள்கூட எழுதிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் திரும்பி வர ஒரு காரணம் இருந்தது.

பனையோலை எழுதியது:

நடத்துகிறவர்கள் களைத்துப்போவதையும் கணக்கில் எடுங்கள். அந்தக் காலத் திரட்டிகளில் பல தனி ஒருவர் அல்லது நாலைந்து பேர் தங்கள் கைக்காசில், வேலை முடிந்து இரவில் கண்விழித்து நடத்தியவை. தமிழ் விளம்பரத்தில் வருமானமும் கிடையாது. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-இல். சண்டை வந்தால் இரண்டு பக்கமும் நிர்வாகியைத்தான் திட்டும். வழங்கி பழுதானால் அவர்தான் பார்க்க வேண்டும். பிறகு பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற ஏற்பாடும் இருக்காது. ஒரு நாள் முகப்பு திறக்காது. அவ்வளவுதான், முடிந்தது. கூட்டாஞ்சோறு, உங்கள் தளத்தின் கடவுச்சொற்கள், முகவரிப் பதிவு, காப்புப் பிரதி எல்லாம் எத்தனை பேரிடம் இருக்கின்றன?

கூட்டாஞ்சோறு எழுதியது:

இன்றைய தேதியில் ஒருவரிடம். இந்த வாரம் மூன்று பேரிடம் போய்விடும். உறுப்பினர்கள் தங்கள் பதிவுகளைப் பின்னூட்டங்களோடு சேர்த்துத் தரவிறக்கிக்கொள்ளவும் வசதி செய்கிறோம்.

மற்றவை பற்றிக் குழுவில் பேசி எடுத்த முடிவு இது. செயலி இப்போதைக்கு இல்லை. கைபேசியில் திறக்கும்போது பதிவின் அடியிலேயே மற்ற உறுப்பினர்களின் பதிவுகள் தெரியும்படி மாற்றுகிறோம். முகப்பிலிருந்து விருப்ப எண்ணிக்கையையும் தரவரிசையையும் எடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில் புதியவர்களின் முதல் பதிவு மூன்று நாள் நிற்கும். காலை வணக்கப் படங்களுக்குத் தனி அறை. பெண்கள் இருவர் உட்பட நான்கு பேர் மட்டுறுத்துநர்களாக வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பார்கள். பின்னூட்டம் மணிக்கணக்கில் காத்திருக்காது. மாதத் தலைப்பு தை மாதத்திலிருந்து.

முதல் பதிவுகளைப் படித்துப் பதில் எழுதத்தான் ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பதிவுகள் வரும். ஒரே நிபந்தனை, பதிவுக்குள்ளிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துப் பேச வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

சனி, ஞாயிறு எனக்கு. மதுரையில் இருந்து புதியவர் யாராவது எழுதினால் எந்த நாளாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

திங்கள் முதல் புதன்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது. எழுத்துப்பிழையைப் பொதுவில் சுட்ட மாட்டேன், தனிமடலில் மட்டும்.

மின்மினி எழுதியது:

வியாழன், வெள்ளி நான். அதோடு ஒரு கேள்வி. கதை உண்மையிலேயே நன்றாக இல்லை என்றால் என்ன எழுதுவது?

தேன்மொழி_சிங்கை எழுதியது:

எந்த இடத்தில் உனக்குப் புரியாமல் போனது என்று கேள் மின்மினி. அவர் விளக்கி எழுதுவார். அந்த விளக்கத்தில் பெரும்பாலும் கதை இருக்கும். "இதையே கதைக்குள் எழுதுங்களேன்" என்று சொல். வியாழக்கிழமை இரவு நானும் இணையத்தில் இருப்பேன், சந்தேகம் வந்தால் கூப்பிடு.